செண்பகம் ஏழு வருஷமா பூக்கலை, வெட்டிடலாமா?

வேலியோரம்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னாடி ஒரு செண்பகம் நிக்குது, விதையிலேர்ந்து வந்த கன்னுதான், வச்சு ஏழு வருஷம் ஆச்சு, மொட்டை மாடியைத் தாண்டி போயிடுச்சு, இலையெல்லாம் பளபளன்னு இருக்கு ஆனா இன்னிக்கு வரைக்கும் ஒரு மொட்டுகூட கண்ணுல படலை. ரொம்ப உயரம் போகக்கூடாதுன்னு வருஷா வருஷம் நுனியைக் கழிச்சு விடுறேன், யூரியாவும் அப்பப்ப வைக்கிறேன். மலட்டு மரம், வெட்டிட்டு வேற வைன்னு வீட்ல சொல்றாங்க. எனக்கு மனசே வரலை. இதுல இந்த மாசம் பச்சைப் புழு வேற இலையைத் தின்னுட்டு இருக்கு, மருந்து அடிக்கலாமா?

கொல்லைப்புறம்:
வெட்டிடாதீங்க சகோ, ப்ளீஸ். விதைக்கன்னு பூக்க எட்டு பத்து வருஷம் ஆகுறது சகஜம். ஒட்டுக்கன்னுன்னா ரெண்டு மூணு வருஷத்துலயே பூக்கும், ஏன்னா அதுல கட்டுற குச்சி ஏற்கனவே பூத்துட்டு இருக்கிற பெரிய மரத்துல எடுத்தது. உங்க மரம் மலடு இல்ல, இன்னும் வயசுக்கு வரலை, அவ்வளவுதான். யூரியாவை முதல்ல நிறுத்துங்க, தழைச்சத்து அதிகமானா இலையும் கிளையுமாத்தான் போகும். அப்புறம் செண்பக மொட்டு இலைக்காம்பு கிளையில சேர்ற அந்தக் கக்கத்துலதான் வரும், நீங்க நுனியை நுனியை வெட்டினா பூக்க வேண்டிய கிளை எல்லாம் போயிடுதே, ரெண்டு வருஷம் கத்தரியே வைக்காம விட்டுப் பாருங்க.

பச்சைச்சிறகு:
அந்தப் புழுவுக்கு தயவுசெஞ்சு மருந்து அடிக்காதீங்க. தலைப்பக்கம் தடிச்சு வால்பக்கம் ஒல்லியா இருந்தா அது அனேகமா கருப்பு இறக்கையில பச்சைப் புள்ளி போட்ட ஒரு பட்டாம்பூச்சியோட புழு, பூவுல தேன் குடிக்கும்போதுகூட இறக்கையை அடிச்சுக்கிட்டே இருக்குமே அதேதான். செண்பகம், நெட்டிலிங்கம், சீத்தா இதுலதான் முட்டை வைக்கும். இவ்வளவு பெரிய மரத்துக்கு நாலு இலை போனா ஒண்ணும் ஆகாது. கவனிக்க வேண்டியது செதில் பூச்சியை, கிளையில பொடிப்பொடியா பொருக்கு மாதிரி ஒட்டிட்டு சாறு உறிஞ்சும், கீழ இலையில கரி பூசின மாதிரி ஆகும், அது இருந்தா மட்டும் வேப்பெண்ணெய்க் கரைசல் அடிங்க.

மண்வாசம்:
மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா கத்தரியே வைக்காம விடுறதுக்கு முன்னாடி சுவரு எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பாருங்க. இது மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுல 30 மீட்டருக்கு மேல போற மரம். இடம் பத்தாதுன்னா உயரத்தை வெட்டாம பக்கத்துக் கிளையை மட்டும் அடியோட எடுங்க. வேர் சதைப்பத்தா இருக்கும், தண்ணி தேங்கினா அழுகிடும், அடியில கொத்திக் கிளறவும் கூடாது, காஞ்ச இலையை அப்படியே மூடாக்கா போடுங்க. பூத்து காய் வெடிச்சா உள்ள சிவப்புத் தோலோட விதை இருக்கும், தோலைத் தேய்ச்சு எடுத்துட்டு உடனே போட்டுடணும், காய வச்சா முளைப்பு போயிடும். வெள்ளைச் செண்பகம் வேற, அது கலப்பினம், விதை பிடிக்கிறதே அபூர்வம், ஒட்டுக்கன்னுதான் வாங்கணும்.

வேலியோரம்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். சுவரு நல்ல தூரத்துலதான் இருக்கு. இப்பதான் போய் பாத்துட்டு வந்தேன், புழு ஒண்ணு இலைக்கு அடியில கூடு கட்டி, அதுவும் இலை மாதிரியே பச்சையா தொங்கிட்டு இருக்கு. வீட்ல எல்லாரையும் கூட்டிட்டுப் போய் காட்டினேன். மரத்தை வெட்டுறதா இல்ல.