தொடை எலும்பில் கேன்சர்: உடையும் முன்பே கம்பி வைக்க வேண்டுமா?

மழைக்குருவி:
அம்மாவுக்கு 61 வயது, மார்பகப் புற்றுநோய். இப்போது வலது தொடை எலும்பின் மேல்பகுதிக்கும் பரவியிருக்கிறது. கட்டிலிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறார். எலும்பு உடையவே இல்லை, ஆனாலும் டாக்டர் கம்பி வைத்துவிடலாம் என்கிறார். ரேடியேஷன் மட்டும் போதாதா?

ஒற்றைப்பனை:
காலை ஊன்றினால் வலி என்றால் லேசாக விடாதீர்கள், எலும்பு எடையைத் தாங்கவில்லை என்று அர்த்தம். மிரெல்ஸ் ஸ்கோர் எவ்வளவு என்று கேளுங்கள். எலும்பு உடையும் அபாயம் எவ்வளவு என்று பார்க்க 1989-இல் வந்த கணக்கு அது. இடம், வலி, எலும்பு எப்படி அரித்திருக்கிறது, எவ்வளவு அகலத்துக்கு என்று நான்கையும் பார்த்து 12-க்கு மதிப்பெண் போடுவார்கள், 9 அல்லது அதற்கு மேல் வந்தால் முன்கூட்டியே கம்பி வைப்பதுதான் வழக்கம். ரேடியேஷன் வலியைக் குறைக்கும், ஆனால் எலும்பு கெட்டிப்பட மாதக்கணக்கில் ஆகும்.

வேப்பம்பூ:
அப்பாவுக்கு நாங்கள் தள்ளிப்போட்டோம். பாத்ரூமில் திரும்பினார், அவ்வளவுதான், விழக்கூட இல்லை, உடைந்துவிட்டது. அவருக்கு சிறுநீரகக் கேன்சர், ரத்தம் அதிகம் போகும் என்பதால் ஆபரேஷனுக்கு முந்தைய நாள் கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்தார்கள். கம்பி எலும்புக்குள்ளேயே இடுப்பிலிருந்து முழங்கால் வரை போகும். மறுநாளே வாக்கரோடு நிற்கவைத்தார்கள். ரேடியேஷன் அப்புறம்தான், காயம் ஆறி இரண்டு வாரம் கழித்து.

மழைக்குருவி:
கேட்டேன், ஸ்கோர் 10. வியாழக்கிழமை ஆபரேஷன். அதுவரை அந்தக் காலை ஊன்றவே கூடாதாம், அம்மா சமையலறைக்குத்தான் போகிறேன் என்று சண்டை போடுகிறார்.