உங்களைக் குழப்பிய பழைய ஆங்கிலச் சொல் எது?

நானே தொடங்குகிறேன். ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் பேராசிரியை ஓய்வு பெற்றார். வாழ்த்து மடல் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அவ்வளவு பெரியவரைச் சாதாரணமாக 'யூ' என்று எழுத மனம் வரவில்லை. வரிக்கு வரி 'தௌ', 'தீ', 'தை' என்று எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் வாசித்துக் கொடுத்தேன். விழா முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மேடம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "ரொம்ப அழகா எழுதியிருக்கேம்மா. ஆனா மடல் முழுக்க என்னை நீ, உன்னைன்னு கூப்பிட்டிருக்கியே" என்றார். டீ தொண்டையில் இறங்கவில்லை.

தப்பு எங்கே நடந்தது என்று எனக்குத் தெரியும். சிறுவயதிலிருந்து சர்ச்சில் 'உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக' என்று ஜெபித்தவள் நான். ஆங்கில ஜெபத்தில் அதே இடத்தில் 'தை நேம்' என்று வரும். ஆகவே 'தை' என்றால் 'உம்முடைய', மரியாதைச் சொல் என்று மனதுக்குள் பதிந்துவிட்டது.

உண்மையில் 'தௌ' என்பது நம் 'நீ'. 'தீ' என்றால் 'உன்னை', 'தை' என்றால் 'உன்'. 'யூ' என்பது பன்மை, 'நீங்கள்'. நம்மைப் போலவே அவர்களும் அந்தப் பன்மையைப் பெரியவர்களுக்கும் முதலாளிகளுக்கும் மரியாதையாகப் பயன்படுத்தினார்கள். 1603-ல் புகழ்பெற்ற கடலோடி சர் வால்டர் ராலேயை ராஜத்துரோகக் குற்றத்துக்காக விசாரித்தபோது, அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக் அவரைத் 'தௌ' என்று அழைத்ததோடு நிற்கவில்லை. 'துரோகியே, உன்னை நீ என்றுதான் சொல்வேன்' என்ற பொருளில் வாய்விட்டே சொன்னார். ஒரு பெரிய மனிதரின் முகத்துக்கு நேரே 'டேய்' போட்டது மாதிரி. அதே நூற்றாண்டில் க்வேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், மனிதர் எல்லோரும் சமம் என்று சொல்லி நீதிபதியையும் 'தௌ' என்று அழைத்து, அதற்காக அடியும் வாங்கினார்கள். நாளடைவில் 'யூ' எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது. பெற்ற பிள்ளையைக் கொஞ்சுவதற்கும் இன்று அவர்களிடம் அந்தப் பழைய 'நீங்கள்' தான் மிச்சம். பெரிய இழப்பு அது என்றே நினைக்கிறேன்.

1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிள் ஒருமைக்குத் 'தௌ', பன்மைக்கு 'யூ' என்ற கணக்கை விடாமல் வைத்திருக்கிறது. கடவுள், ராஜா, வேலைக்காரன் யாரானாலும் ஒரே ஆள் என்றால் 'தௌ'. கடைசி இராவுணவில் இயேசு பேதுருவிடம், சாத்தான் 'யூ'வைக் கேட்டிருக்கிறான், நான் 'தீ'க்காக ஜெபித்தேன் என்கிறார். சோதனை சீடர்கள் எல்லோருக்கும், ஜெபம் பேதுருவுக்கு. இன்றைய ஆங்கிலத்தில் இரண்டுமே 'யூ' என்று வந்தால் இது புலப்படாது. தமிழ் பைபிளைத் திறந்து பாருங்கள்: 'உங்களை' என்றும் 'உனக்காக' என்றும் பளிச்சென்று தனித்தனியாக நிற்கும்.

*

வக்கீல் ஆபீசில் இருபது வருடமாக இருக்கிறேன். என்னைக் குழப்பியவை 'அல்ட்.', 'இன்ஸ்ட்.' என்ற இரண்டு சுருக்கங்கள். ஒரு சொத்து வழக்கில் கட்டுக்கட்டாகப் பழைய கடிதங்கள் வந்தன. தேதிவாரியாகப் பட்டியல் போடச் சொன்னார் சீனியர். மார்ச் 3 தேதியிட்ட ஒரு பதில் கடிதத்தில், எந்தக் கடிதத்துக்குப் பதில் என்ற இடத்தில் '28-ஆம் தேதி அல்ட்.' என்று இருந்தது. நான் மார்ச் 28 என்று எழுதிவிட்டேன். பட்டியலைப் பார்த்த சீனியர், "என்னப்பா, கடிதம் வர்றதுக்கு முன்னாடியே பதில் போயிருக்கு?" என்றார். அப்புறம்தான் விளக்கினார். 'அல்டிமோ' என்றால் போன மாதம், 'இன்ஸ்டன்ட்' என்றால் இந்த மாதம், 'ப்ராக்ஸிமோ' அடுத்த மாதம். எல்லாம் லத்தீன் வழி வந்தவை. அதுவரை 'இன்ஸ்டன்ட்' இருந்த இடமெல்லாம் அவசரக் கடிதம் என்று பென்சிலில் குறித்துவைத்திருந்தேன். உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன்.

*

மேலே 'தௌ' பற்றிப் படித்ததும் என் வகுப்பு ஞாபகம் வந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ரோமியோவை நினைத்து ஜூலியட் 'வேர்ஃபோர்' என்று கேட்பதை, 'எங்கே இருக்கிறாய்' என்று கேட்பதாகவே பிள்ளைகள் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். நீ ஏன் ரோமியோவாகப் பிறந்தாய், எதிரி வீட்டுப் பெயரோடு ஏன் வந்தாய் என்பதுதான் கேள்வி. 'தேர்ஃபோர்' என்றால் அதனால். 'வேர்ஃபோர்' என்றால் எதனால். இப்படிச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

அன்றைக்கு ஒரு வேகத்தில் போர்டில் கட்டம் போட்டேன். இங்கே, அங்கே, எங்கே: ஹியர், தேர், வேர். இங்கிருந்து, அங்கிருந்து, எங்கிருந்து: ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ். இந்தப் பக்கமாக, அந்தப் பக்கமாக, எந்தப் பக்கமாக: ஹிதர், திதர், விதர். நம் இ, அ, எ வரிசையேதான். முதல் வரிசை மட்டும் இன்றைக்கும் முழுசாகப் புழங்குகிறது. மற்றதில் 'ஹென்ஸ்' மட்டும், அதுவும் 'ஆகவே' என்ற பொருளில், பரீட்சைப் பேப்பரில் உயிரோடு இருக்கிறது.

கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் எழுந்தான். "மிஸ், எப்போது வென், அப்போது தென். அப்ப இப்போதுக்கு 'ஹென்' வரணுமே?" அந்தக் கட்டத்தை அப்படியே காலியாக விட்டேன். 'நௌ' என்ற சொல் இந்த வரிசையில் சேராது என்பதை அவனே கண்டுபிடித்திருந்தான்.