ஐப்பசி, கார்த்திகையில் காய்கறிக் கூடையை எப்படி நிரப்புவது?

வணக்கம். மதுராந்தகம் பக்கம் நாலு ஏக்கரில் ரசாயனம் போடாமல் காய்கறி விளைவிக்கிறோம். சென்னையில் சில குடும்பங்கள் விதைப்புக்கு முன்பே பணம் கட்டிவிடுவார்கள். வாராவாரம் விளைந்ததைப் பங்கு பிரித்து அனுப்புவோம். விளைச்சல் குறைந்தால் எல்லாருக்கும் குறையும் என்பதுதான் பேச்சு.

ஆடிப்பட்டத்து வெண்டை, கொத்தவரை, புடலை எல்லாம் புரட்டாசி வரை தாராளமாக வரும். மார்கழி, தையில் அவரை கொத்துக்கொத்தாகக் காய்க்கும். இடையில் அடைமழை மாதங்கள்தான் சிக்கல். அரைக்கீரையும் சிறுகீரையும் அழுகிவிடுகின்றன, முருங்கையில் பூ நிற்பதில்லை, தக்காளி வெடித்துவிடுகிறது. எங்களுடையது களிமண், தண்ணீர் சீக்கிரம் வடியாது. வாழைக்காய், வாழைப்பூ, தண்டு, பப்பாளிக்காய் என்று சமாளிக்கிறோம். யாரும் குறை சொல்லவில்லை. ஆனாலும் நம்பி முன்பணம் தந்த வீட்டுக்கு இதையே திரும்பத் திரும்ப அனுப்ப மனசு வரவில்லை.

வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்யும் ஊர்களில் மேட்டுப்பாத்தி போட்டுக் கீரை எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? களிமண்ணில் பாத்தி எவ்வளவு உயரம் தேவைப்பட்டது? நிழல்வலை மழையைத் தடுக்காது. மூங்கில் நட்டு பாலித்தீன் கூரை போட்டால் பத்து சென்ட் அளவுக்குக் கட்டுப்படியாகுமா, காற்றுக்குத் தாங்குமா? கொடிப்பசலை மழையைத் தாங்கும் என்பதால் அதை அதிகம் போட நினைக்கிறோம், நாட்டு விதை இருந்தால் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறோம். அப்புறம், சேனையையும் சேப்பங்கிழங்கையும் மழைக்கு முன் தோண்டி, அழுகாமல் ஓரிரு மாதம் வைத்திருக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?