மழைநீர் வடிகால் கடன் வேலை: சோதிக்க வந்தவர்களை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

எர்ணாவூர்க்காரன்:
வடசென்னையில் மாநகராட்சி கடன் பணத்தில் எடுத்த கொசஸ்தலையாறு மழைநீர் வடிகால் வேலை எல்லோருக்கும் தெரிந்ததுதான், முன்கதை வேண்டாம். எங்கள் தெருவில் பள்ளம் தோண்டி அப்படியே போட்டிருந்தார்கள். ஒரு ராத்திரி திடீரென்று தகரத் தடுப்பு, சிவப்பு விளக்கு, வாசலுக்கு வாசல் பள்ளத்தைத் தாண்டப் பலகை. காலையில் இரண்டு கார். "கடன் கொடுத்தவங்க பார்க்க வர்றாங்க" என்றார் மேஸ்திரி. வந்ததில் ஒரு அம்மா பலகை மேல் ஏறி நின்று, ஆடுகிறதா என்று பார்த்து, ஏதோ குறித்துக்கொண்டு போனார். சாயந்தரமே பலகைகள் லாரி ஏறின. அடுத்த தெருவுக்காம்! வெளியே கிளம்பிய என் மாமியார் தூக்கிய காலைப் பள்ளத்தின் மேல் வைக்கப் போய், சட்டென்று பின்னால் இழுத்தார். அதுதான் இன்னும் மனசில் கிடக்கிறது.

பழைய வண்ணை:
கடன் கொடுத்தவர்கள்தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள் அண்ணே? மேஸ்திரி சொன்னால் ஆயிற்றா? ஆசிய வளர்ச்சி வங்கியோடு 2021 டிசம்பரில் 25.1 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டது ஒன்றிய அரசு. பணம் மாநிலத்துக்கு வந்து, அப்புறம்தான் மாநகராட்சிக்கு. நடுவில் யார் வேண்டுமானாலும் பார்க்க வருவார்கள். மாநகராட்சி தானாகக் கடன் வாங்கவும் மாநில அரசு அனுமதி வேண்டும். 2025-இல் 200 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டார்களே, அதற்கும் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி, கடனைத் திருப்பித் தருவார்களா என்ற தர மதிப்பீடு எல்லாம் உண்டு. மேற்பார்வையே இல்லை என்பதுபோல் எழுதாதீர்கள்.

கொடுங்கையூர் அக்கா:
மேற்பார்வை இருக்கிறது தம்பி, நானே பார்த்தேன். தணிக்கைக்கு வந்த ஒருவர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வடிகால் மூடியைத் தேடினார். காணோம். டீக்கடைக்காரர் கிளாஸோடு கையை நீட்டி, "அதோ, தாருக்குக் கீழே" என்றார். மூடியின் மேலேயே ரோடு போட்டிருக்கிறார்கள். வந்தவர் கொஞ்ச நேரம் நின்றார், டீ குடித்தார், போய்விட்டார். என்ன எழுதினாரோ!

மணலி சார்:
இரண்டு பேருக்கும் சொல்கிறேன். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்து ரூபாய்தான், 30 நாளில் பதில் தர வேண்டும். 'ஏன்' என்று கேட்காதீர்கள், ஆவணத்தின் நகல் கேளுங்கள்: பணி ஆணை, செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம், ஆய்வுக் குறிப்பு. அளவுப் புத்தகத்தை விட்டுவிடாதீர்கள். ஒப்பந்ததாரருக்குப் பில் போவதே அதை வைத்துத்தான், அக்கா சொன்ன மூடியும் அதில் இருக்கும். பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. மனுவின் நகலை வைத்துக்கொள்ளுங்கள், ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள், ரசீதைப் போட்டோ எடுத்து

எர்ணாவூர்க்காரன்:
சார், எனக்குப் பலகை வேண்டும்.