புதுப்பிப்பு: அசாகுசாவில் குடியிருந்துகொண்டு மளிகை வாங்குவது

தோக்கியோவின் அசாகுசாவில் நெடுநாள் வசிக்கும் வெளிநாட்டவர், பயணிகளுக்கான விலையைக் கொடுக்காமல் அன்றாடச் சமையலுக்கு வேண்டியதை எங்கே வாங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். கிடைத்த யோசனைகளைச் சில மாதங்கள் பின்பற்றிய பிறகு இதை எழுதுகிறேன்.

நகாமிசே தெரு தின்பண்டங்களுக்கும் நினைவுப் பொருட்களுக்குமான இடம்; சமையலுக்கு அதை மறந்துவிடலாம். பெரிதும் உதவியது, கின்சா சுரங்க ரயில் தடத்தில் இங்கிருந்து மூன்றாவது நிலையமான உவேனோதான். அங்கே அமேயோகோ சென்டர் கட்டடத்தின் நிலவறைக் கடைகளில் மல்லித்தழை, மசாலாப் பொருட்கள், வெட்டாத முழு மீன் எல்லாம் கிடைப்பதால், வாரம் ஒருமுறை பையோடு போய்வருவது என் வழக்கமாகிவிட்டது. அந்தப் படிகளில் இறங்கும்போதே மசாலா மணம் எனக்கு வீட்டை நினைவூட்டுகிறது. மற்ற நாட்களில், அக்கம்பக்கத்துச் சூப்பர் மார்க்கெட்டுக்கு இரவில் சற்றுத் தாமதமாகப் போனால், பாதி விலையைக் குறிக்கும் 'ஹங்காகு' ஒட்டுத்தாளுடன் மீனும் இறைச்சியும் இருக்கும்.

ஒரு திருத்தம்: கடையில் வாங்கும் பொருட்களுக்கான வரிவிலக்கு இங்கே குடியிருக்கும் நமக்கும் உண்டு என்று முன்பு நான் எழுதியது தவறு. அது குறுகிய காலப் பயணிகளுக்கே உரியது. 2019 அக்டோபரில் நுகர்வு வரி 10 சதவீதமானபோது உணவுப் பொருட்களுக்கு 8 சதவீதமாகவே வைக்கப்பட்டதுதான் குடியிருப்போருக்குக் கிடைத்த சலுகை. அரிசிக்குத்தான் இன்னும் நல்ல வழி தெரியவில்லை. 2025-இல் 5 கிலோ 4,000 யென்னைத் தாண்டியதிலிருந்து, சோற்றைக் குறைத்து, உடோன் என்ற கோதுமை நூடுல்ஸை வாங்கிவருகிறேன்.