கிளப்பை விட்டுவிட்டுப் படி என்று மகளிடம் சொல்லலாமா?

டல்லாஸ் அப்பா:
மகள் பத்தாவது முடிக்கிறாள், பள்ளிக்கு வெளியே ஒரு கிளப் அணியில் சாக்கர் ஆடுகிறாள். கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கும் சென்டர் பேக். டிவிஷன் 1 என்கிற மேல்மட்டக் கல்லூரி அணிகளின் கோச்சுகள் வருகிற ஜூன் 15 முதல்தான் அவளுடன் நேரடியாகப் பேசலாம். போன வாரம் ஃபீனிக்ஸில் போட்டி. விமானம், ஹோட்டல், வாடகைக் கார், எல்லாம் மூன்று ஆட்டத்துக்கு. மடக்கு நாற்காலியோடு வந்த நாலைந்து கோச்சுகளும் இடைவேளையில் பக்கத்து மைதானத்துக்கு எழுந்து போய்விட்டார்கள். திரும்பும்போது விமானத்தில் கெமிஸ்ட்ரி புத்தகத்தின் மேலேயே தூங்கிவிட்டாள். கிளப் போதும் என்று சொல்லிவிடலாமா?

ஜெர்சிக்காரர்:
தாராளமாகச் சொல்லுங்கள். டிவிஷன் 1 பெண்கள் அணிக்கு முன்பு 14 ஸ்காலர்ஷிப்தான். அதையும் பிய்த்துப் பிய்த்து அணி முழுக்கக் கொடுப்பார்கள். ஆடுகிறவர்களுக்குக் கல்லூரியே பணம் கொடுக்கலாம் என்ற கோர்ட் சமரசத்தை ஏற்ற கல்லூரிகளில் 2025 முதல் அந்த வரம்பு இல்லை, ஆனால் அணியில் 28 பேருக்கு மேல் கூடாது. பெஞ்சில் வைத்து வளர்க்க இடம் ஏது? வேறு கல்லூரியில் இரண்டு வருடம் ஆடிய பெண் மாறி வரத் தயாராக இருக்கும்போது உங்கள் பெண்ணை ஏன் எடுப்பார்கள்?

கோல்கீப்பர் அம்மா:
ஜெர்சிக்காரருக்கு டிவிஷன் 1 தவிர உலகமே இல்லை போல. என் மகள் டிவிஷன் 3-இல் ஆடுகிறாள். விளையாட்டுக்கென்று ஒரு டாலர் கிடையாது, உண்மைதான். ஆனால் பன்னிரண்டாவதுக்கு முந்தைய கோடையில் கோச் அவள் மார்க்கை அட்மிஷன் அலுவலகத்துக்கு அனுப்பி, தேறுமா என்று கேட்டுச் சொன்னார். வெறும் மார்க்கோடு வரிசையில் நின்றிருந்தால் அந்தக் கதவு திறந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஜெர்சிக்காரர்:
"தேறும்" என்பது வாய்வார்த்தைதானே மேடம்? கோச் வேலை மாறினால்? கிளப்புக்கு அழுத பணத்தைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு வருட ஃபீஸாவது தேறியிருக்கும்.

கோல்கீப்பர் அம்மா:
பணத்துக்காக ஆட வைத்தவர்களுக்கு அந்தக் கணக்கு சரி. என் மகள் ஆடப் பிடித்து ஆடினாள்.

பழைய லெஃப்ட் பேக்:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். டிவிஷன் 1-இல் ஆட 16 கோர் பாடங்கள், அதாவது கல்லூரி விளையாட்டு அமைப்பு ஏற்றுக்கொண்ட பட்டியலில் உள்ள பள்ளிப் பாடங்கள், வேண்டும். அதில் 10 பன்னிரண்டாவது தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். நான் எடுத்த ஒரு கணிதப் பாடம் அந்தப் பட்டியலில் இல்லை என்பது பதினொன்றாவது பாதியில்தான் தெரிந்தது. கவுன்சிலர் "ஓ, அப்படியா" என்றார். கோடை முழுக்க ஆன்லைனில் இன்னொரு கணிதம்! அண்ணா, கிளப்பை விடுவதா என்று யோசிக்கும் முன் பள்ளியின் கோர் பாடப் பட்டியலை எடுத்து அவள் பாடங்களோடு ஒத்துப் பாருங்கள். அப்புறம் வீடியோ. நாலு நிமிடம் போதும். பாட்டு வேண்டாம். சென்டர் பேக் என்றால் தலையால் முட்டுவதை மட்டும் காட்டாதீர்கள். நெருக்கும்போது பந்தை நிதானமாக வெளியே எடுத்துக் கொடுக்கிறாளா என்று பார்ப்பார்கள்.

டல்லாஸ் அப்பா:
பட்டியலைப் பார்த்தேன், பாடங்கள் சரியாக இருக்கின்றன. இந்த இழையை அவளிடமும் காட்டினேன். கடிதம் எழுத வைத்திருந்த 22 கல்லூரிகளில் 7-ஐ அவளே அடித்துவிட்டாள். நர்சிங் இல்லையாம். நர்சிங் ஆசை எனக்கே இப்போதுதான் தெரியும். கிளப்பைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. ஜூன் 14 இரவு 12 மணி வரை விழித்திருப்பேன், யாராவது மெசேஜ் அனுப்புவார்கள் என்கிறாள்.

ஜெர்சிக்காரர்:
போனை வாங்கி வைத்துவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள் சார்.

கோல்கீப்பர் அம்மா:
வாங்காதீர்கள். நாங்களும் மூன்று பேராக விழித்திருந்தோம். 12:40-க்கு ஒன்றே ஒன்று வந்தது.