சுவரில் புல்-அப் பார்: எந்த போல்ட் போடுவது?

வணக்கம் நண்பர்களே. கதவு நிலையில் இறுக்கிப் பொருத்தும் பாரில்தான் இதுவரை புல்-அப் (கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கும் பயிற்சி) எடுத்து வந்தேன். போன வாரம் அது நழுவி, நான் பொத்தென்று கீழே விழுந்தேன். சரி, இனி சுவரில் போல்ட் போட்டு மாட்டும் வகைதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

என் எடை 82 கிலோ. பார் 150 கிலோ தாங்கும் என்று அதன் பெட்டியில் போட்டிருக்கிறது. என் கவலை பாரைப் பற்றியல்ல, சுவரைப் பற்றி. பார் சுவரைவிட்டுத் தள்ளி நிற்பதால், தொங்கும்போது மேல் போல்ட்டுகளைத்தான் வெளியே பிடுங்கும். சோதனைக்கு ஒரு சின்ன ஓட்டை போட்டுப் பார்த்தேன். முதல் 2 சென்டிமீட்டர் பூச்சு, அப்புறம் சிவப்புத் தூள். செங்கல்தான். ஆனால் ஓரிடத்தில் டிரில் பிட் சட்டென்று உள்ளே போய்விட்டது. துளையுள்ள செங்கலோ என்று அப்போதிலிருந்து சந்தேகம்.

இறுக்கும்போது ஓட்டைக்குள் விரியும் ஆங்கர் போல்ட் அந்த மாதிரிச் செங்கலைப் பிளந்துவிடும், சல்லடைக் குழாய் வைத்து கெமிக்கல் ஆங்கர் (ஓட்டையில் பசை நிரப்பி போல்ட்டை ஒட்டவைக்கும் முறை) போடு என்கிறார் ஒரு நண்பர். மேலே ஓடும் கான்கிரீட் பீமில் மாட்டினால் உறுதிதான். ஆனால் மேலே ஏறும்போது தலை கூரையில் இடிக்கும், உள்ளே கம்பி வேறு இருக்கிறது. யாராவது செங்கல் சுவரில் கெமிக்கல் ஆங்கர் போட்டு, தினமும் தொங்கிப் பார்த்திருக்கிறீர்களா? 10 மில்லிமீட்டர் போல்ட் போதுமா, 12 வேண்டுமா? சுவருக்கும் பாருக்கும் 50 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் முழங்கால் இடிக்குமா?

படம் கேட்டால் போடுகிறேன். ஓட்டையை இன்னும் அடைக்கவில்லை.